சணல் சுற்றிய மரை

மகனுக்கு,

கோயமுத்தூரிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது வலி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா? நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். "வக்கீல் ஐயா கேட்பது ஒரே ஒரு கையெழுத்துதானே நைனா, அதில் உங்களுக்கு என்ன தேய்ந்துபோகிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அந்த இடம் வந்ததும் இருமிக்கொண்டே அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். அவள் விடுவாளா? "இன்னா, இருமலோட ஒரு வரியையும் சேத்து முழுங்கிட்ட?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நாம் இரண்டு பேரும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காகிதம் தெரியாது, என் மூஞ்சி தெரியும்.

வக்கீல் ஐயா உனக்கு எழுதியதில் பாதிதான் இருந்திருக்கும், ஆகையால் நான் முழுசாக எழுதுகிறேன். போன மாதம் அவருடைய கார் சாந்தோம் ரோட்டுத் திருப்பத்தில் நிற்காமல் போய், கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தியின் காலில் ஏறிவிட்டது. கால் முறிந்துபோயிற்று. ஓட்டியவன் அவருடைய டிரைவர் முனுசாமி. பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை என்கிறான். அந்தக் காருக்குப் பிரேக் குழாய் மாற்றிக் கொடுத்தது நான். ஆகவே வக்கீல் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் வேலையில்தான் பிசகு, நான் பூட்டிய குழாயின் மரை விட்டுப்போயிற்று என்று நானே சொல்வதுபோல ஒரு காகிதம் எழுதித் தயாராக வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் பட்டணத்தில் உனக்கு நிரந்தர வேலைக்கு அவரே சிபாரிசுக் கடிதம் தருவார். போடாவிட்டால் முனுசாமி குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீசில் சொல்லிவிடுவார். "உன் பையன் உத்தியோகம், டிரைவர் பிழைப்பு, ரெண்டும் உன் கையிலதான் இருக்கு, யோசிச்சுக்கோ" என்றார். சொல்லிவிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். மோர் நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்லமாட்டேன்.

நீ படித்தவன், நான் மூன்றாம் வகுப்பில் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். ஆனாலும் ஒரு விஷயம் உனக்குத் தெரியாது, அதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது. பழைய கார்களில் பிரேக் என்றால் இரும்புக் கம்பி. மிதித்தால் கம்பி இழுக்கும், சக்கரம் நிற்கும். இப்போது வருகிற கார்களில் கம்பி கிடையாது, விரல் தடிமன்கூட இல்லாத குழாய். உள்ளே விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு எண்ணெய். மிதித்தால் அந்த எண்ணெய் ஓடிப்போய் நான்கு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கும். ஒரு மூட்டில் கசிந்தால் நான்குக்கும் பிரேக் இல்லை. அந்த மூட்டைச் செய்வதுதான் என் வேலை. செப்புக் குழாயை நேராக அறுத்து, பிசிர் எடுத்து, முனையைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி, இரண்டு பாதியான கட்டைக்குள் இறுக்கி, கூம்பு உளியை வைத்துத் தட்டித் தட்டி அதன் வாயை விரிக்க வேண்டும். ஊமத்தம்பூ மாதிரி விரிந்து நிற்கும். அந்த விரிந்த வாய் எதிர்ப்பக்கத்துக் குழியில் போய் உட்காரும். பின்னாலிருந்து பித்தளை நட்டு வந்து அதை அழுத்தும். எண்ணெயை நிறுத்துவது அந்த விரிந்த வாய்தான். நட்டில் சுற்றிச் சுற்றி வெட்டிய திருகு வரிதான் மரை. அதன் வேலை, இறுகி அந்த வாயை அழுத்துவது, அவ்வளவே. எண்ணெய் மரை வரைக்கும் வந்துவிட்டது என்றால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதில் நட்டைக் குழாயில் முதலிலேயே கோத்துவிட வேண்டும். வாயை விரித்த பிறகு நட்டு ஏறாது. அரை நாள் உட்கார்ந்து அழகாக வாயை விரித்து, பெருமையோடு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது, நட்டு மேஜைமேல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். எத்தனை தரம்! குழாயை மறுபடியும் அறுத்து மறுபடியும் முதலிலிருந்து. ஒருநாள் உன் அம்மா சாப்பாடு கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்திலயும் இப்படித்தான். மாலையெல்லாம் போட்டுக்கினு வந்து உக்காந்தப்புறம் தாலிய வூட்ல வெச்சிட்டு வந்தேன்னு ஓடின ஆளு தானே நீ" என்றாள். உண்மைதான். நீ கல்யாணம் செய்துகொள்ளும்போது தாலியை நானே இடுப்பில் முடிந்துகொண்டு வருகிறேன், பயப்படாதே.

இதெல்லாம் சிரிக்கிற பிசகு. சிரிக்க முடியாத ஒன்று உண்டு. அதை உன் அம்மாவுக்குக்கூட நான் எட்டு வருஷம் சொல்லவில்லை. மோட்டார் வேலைக்கு வருமுன் நான் தண்ணீர்க் குழாய்க்காரன். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தெருத் தெருவாக வீடு எழும்பிய காலத்தில் அந்தப் புது வீடுகளுக்கெல்லாம் குழாய் பூட்டியவர்களில் நானும் ஒருவன். தண்ணீர்க் குழாயில் மரைதான் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆகையால் மரையில் சணல் நாரைச் சுற்றி, மேலே வெள்ளைச் சபேதா என்கிற ஈயப் பசையைப் பூசி முறுக்குவோம். அது என் விரலுக்குப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டும் சுற்றுவேன். அப்புறம் இரும்பைக் கடைகிற கடைசல் வேலை கற்றுக்கொண்டு மந்தைவெளியில் ஷெட் போட்டேன். எண்ணெய்ப் பிரேக் வைத்த கார் முதல்முதலாக என் ஷெட்டுக்கு வந்தபோது, ஒரு நட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. என் விரல் சும்மா இருக்குமா? சணலைச் சுற்றிச் சபேதா பூசி முறுக்கிவிட்டேன். நன்றாக இறுகியது. இறுகியது என்று என் கைதான் சொன்னது. சணல் நட்டைக் கவ்விக்கொண்டு பாதியிலேயே நிறுத்திவிட்டது, உள்ளே அந்த வாயை அது அழுத்தவே இல்லை. மெதுவாக மிதித்தபோது பிடித்தது, நானே ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து அடையாற்றுப் பாலத்தை விட்டு இறங்கும்போது டிரைவர் பலமாக மிதித்திருக்கிறான். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு போய்விட்டது. கார் சரிவில் உருண்டு ஆற்றங்கரைச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஆளுக்குச் சேதமில்லை. காருக்குச் சேதம்.

அந்த டிரைவர் யார் என்று கேள். இதே முனுசாமிதான்.

காரை என் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். நான் கீழே படுத்து நட்டைக் கழற்றினேன். சணல் எண்ணெயில் ஊறி நூல் நூலாகத் தொங்கியது. காரின் முதலாளி வெளியே நின்றுகொண்டு, "குழாயெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். முனுசாமி பக்கத்தில் நின்றான். "மிதிச்சேங்க. சத்தியமா மிதிச்சேங்க. காலு அப்படியே கீழ போய்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சணலைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, "குழாய் நல்லாத்தான் கீதுங்க" என்றேன். அவ்வளவுதான். மூன்றே சொல். அவனுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. குடித்துவிட்டு ஓட்டியவன் என்று பெயர் கட்டிவிட்டார்கள். பிறகு இரண்டு வருஷம் அவனுக்கு யாரும் காரைத் தொடக் கொடுக்கவில்லை, ரிக்ஷா இழுத்தான். மனசு கேட்காமல் நான்தான் வக்கீல் ஐயாவிடம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? என் எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். அதிலிருந்து எங்கே பார்த்தாலும் கும்பிடுவான். குளக்கரையில் பார்த்தால் நான் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். உன் அம்மா, "அவனுக்கு இன்னா கடன்பட்டிருக்க, இப்படி ஓடுற?" என்று கேட்பாள்.

இப்போது சாந்தோமில் மோதிய காரைப் பார்க்கலாம். வக்கீல் ஐயா காகிதத்தை நீட்டுவதற்கு முன்னாலேயே நான் போய் அந்த நட்டைக் கழற்றிப் பார்த்தேன். சணல்! வெள்ளைச் சபேதா! ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம், நான்தான் தூக்கத்தில் வந்து சுற்றிவிட்டேனோ என்று. எட்டு வருஷமாக ஷெட்டுக்குள் சணல் கயிறுகூட வாங்காதவன் நான். முனுசாமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒரு சொட்டு கசிஞ்சிதுண்ணே. உங்ககிட்ட எடுத்துக்கினு வரேன்னேன். ஐயாதான், குளிக்கிற ரூம்ல குழாய்க்காரன் வேல செஞ்சிக்கினு கீறான், அவனையே ஒரு முறுக்கு முறுக்கச் சொல்லுன்னாரு." அந்தக் குழாய்க்காரன் வேலையை முடித்துக்கொண்டு எந்த ஊருக்குப் போனானோ, ஆளைக் காணோம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் விரலும் என் விரல் மாதிரிதான்.

மகனே, ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்குக் கையெழுத்துப் போட ஆசையாகத்தான் இருந்தது. உனக்கு வேலை ஆகும், முனுசாமி தப்பிப்பான், அவனுக்குச் செய்ததற்கும் சரியாகப் போய்விடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். எவ்வளவு சௌகரியம் பார்! பேனாவைக் கையில்கூட வாங்கிவிட்டேன். அப்போது முனுசாமி வாசல் கதவண்டை நின்றுகொண்டு, எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். இன்னொரு கும்பிடு! பேனாவை வைத்துவிட்டேன். அந்தக் கும்பிட்டை இன்னும் இருபது வருஷம் வாங்கிக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அதோடு, ஷெட் வைத்துப் பிழைக்கிற நான் குற்றவாளி என்று எழுதிக் கொடுத்தால் அந்த மீன்காரம்மாவின் காலுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? நானா? என் எலும்பையே எண்ணலாம். "மாட்டேங்க" என்றேன். வக்கீல் ஐயா, "உன் பிள்ளைக்கு நீயே சத்துருவா இருக்கியே" என்றார். "இருந்துட்டுப் போறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகுதான் அவர் உனக்கு எழுதினார். நீ எனக்கு எழுதினாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. சப் இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம். வக்கீல் ஐயாவுக்கு நாற்காலி. நானும் முனுசாமியும் சுவரோரம். மீன்காரம்மாவை ரிக்ஷாவில் வைத்துக் கொண்டுவந்து, காலில் வைத்துக் கட்டிய மூங்கில் பத்தையோடு பெஞ்சியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் சணலை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதை மேஜைமேல் வைத்து, நான் பூட்டிய பிறகு வேறு யாரோ நட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்றேன். வக்கீல் ஐயா சிரித்தார். "இவன் யாரு? பழைய குழாய்க்காரன். சணல் சுத்தறது அவன் தொழில். அவன் சுத்தாம வேற யாரு சுத்துவா?" நல்ல கேள்விதான். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் நட்டு எப்படி அழுத்தும், மரை எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தேன். மீன்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா, ஆளாளுக்கு நட்டு, மரைன்னு பேசிக்கினு கீறீங்க. எங்காலை எந்த நட்டுல முறுக்கப் போறீங்க, அத்த மொதல்ல சொல்லுங்க!" என்றாள். கான்ஸ்டபிள்கூடச் சிரித்துவிட்டான். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நீ சணல் சுத்தமாட்டேங்கறதுக்கு என்னய்யா அத்தாட்சி?" என்று கேட்டார்.

அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. என் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற வாய், உனக்குத் தெரியும். "ஒரு தரம் சுத்தினேங்க. அதனாலதான் சுத்தமாட்டேன்" என்றேன். எந்தக் கார், எந்தப் பாலம், யார் ஓட்டினது, கழற்றிய சணலை எங்கே செருகிக்கொண்டேன், எல்லாம் சொன்னேன். "அன்னிக்கு இவன் சொன்னது நெசம். நான் சொன்னதுதான் பொய்" என்றேன். முனுசாமியைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முனுசாமி சுவரை விட்டு மேஜையண்டை போனான். பிறகு என்னிடம் அல்ல, சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னான்: "ஐயா, குழாய்க்காரன முறுக்கச் சொன்னது எங்க ஐயாதான். நான் சொல்ல பயந்துக்கினு இருந்தேன். இப்ப சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். வக்கீல் ஐயா மோசமான மனிதர் இல்லை, மானத்துக்குப் பயந்த மனிதர். பெரிதாகப் போகவேண்டாம் என்று மீன்காரம்மாவின் வைத்தியம் முழுவதும் தன் பொறுப்பு என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். முனுசாமியைப் போகச் சொல்லிவிட்டார்கள். வேலையிலிருந்தும் போகச் சொல்லிவிட்டார் வக்கீல் ஐயா. என் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த லஸ் பக்கத்துக் கார்களில் இரண்டு இப்போது வருவதில்லை. வராமல் போகட்டும். வருகிற கார்களுக்கு இனி என் மூட்டு ஒரு சொட்டுக்கூடக் கசியாது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முனுசாமி என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று மேல்துண்டைக்கூட இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவன் நின்று, "வூட்டுக்கு வா" என்றான். அண்ணே இல்லை, வாங்க இல்லை, வா. "எதுக்குடா?" "எட்டு வருசமா எம்பொஞ்சாதி என்னக் குடிகாரன்னுக்கினு கீறா. நான் சொன்னா நம்பமாட்டா. நீ வந்து சொல்லு." கூடவே நடந்தேன். பட்டினப்பாக்கத்தில் அவன் வீடு. அவன் பெண்சாதி கன்னியம்மா வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவனைப் பார்த்து, "அப்போ நெசமாவே நீ குடிக்கலியா?" என்றாள். "இல்லன்னு எத்தினி தரம் சொன்னேன்?" என்றான். நான், "என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். அவள், "உன்ன மன்னிக்கிறது அப்புறம்யா. நான் இவங்கிட்ட எத்தினி பேச்சு பேசிக்கீறேன், அதுக்கு நான் இன்னா சொல்றது? நீ கெளம்பு" என்றாள். கிளம்பினேன்.

இப்போது உனக்கு. அன்றைக்கு ஷெட்டில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த முதலாளி என் ஷெட்டை இழுத்துப் பூட்டியிருப்பார். நீ அப்போது இரண்டாம் பாரம். படிப்பு அதோடு நின்றிருக்கும். முனுசாமி ரிக்ஷா இழுத்த அந்த இரண்டு வருஷமும் நீ பள்ளிக்கூடம் போனாய். நீ கேட்டு நான் செய்ததில்லை, ஆகவே அது உன் குற்றம் இல்லை. ஆனால் ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு உன்னைப் படிக்க வைத்தேன். இன்னொரு தரம் வாயை மூடிக்கொண்டு உனக்கு உத்தியோகம் வாங்கித் தர என்னால் ஆகாது. சிபாரிசுக் கடிதம் இனி வராது. தெரிந்துதான் அதைப் போக்கடித்தேன். கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் கேட்கமாட்டேன். உனக்குக் கை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, என்னைவிட நல்ல மூஞ்சியும் இருக்கிறது, அது உன் அம்மா கொடுத்தது. பட்டணத்தில் வேலை வேண்டுமென்றால் நீயே வந்து நாலு படி ஏறிக் கேள். "யாருடைய பிள்ளை" என்று கேட்டால் என் பெயரைச் சொல். கதவைச் சாத்தினால் அடுத்த கதவுக்குப் போ.

கோபம் வரும், வரட்டும். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் போகிறது. முனுசாமிக்கு நாலு வரி எழுது. என்ன எழுதுவது என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கும் படிக்கத் தெரியாது, கன்னியம்மாவுக்கும் தெரியாது, அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. கடிதம் வந்தால் படித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அவர்கள் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் போவேன். என்னைத் திட்ட ஆசையிருந்தால் அந்தக் கடிதத்திலேயே திட்டி எழுது, அவர்கள் வாசலில் நின்றுகொண்டு சத்தமாகப் படிக்கிறேன். இருமமாட்டேன்.

உன் அப்பன்